உங்கள் கோரிக்கை பதிவாகவில்லை

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எழுத்து வந்தால் பதறிப்போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சிவப்பு எழுத்து யாரையும் கடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னைக் கேட்டால், பச்சை டிக் போட்டு, ஓரத்தில் ஒரு தாமரைப் படம் வைத்து, "நன்றி" என்று இளிக்கிற பக்கத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அப்படி ஒரு பக்கம் எங்கள் ஊர் உப்பளத்துக்கு வர வேண்டிய குடிதண்ணீரைச் சத்தமில்லாமல் விழுங்கியது. அந்தப் பக்கத்தோடும் அதை வைத்தவரோடும் நான் போட்ட சண்டையைத்தான் எழுதுகிறேன். சமாதானமாக எழுத எனக்கு வராது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மரக்காணத்தில் என் அம்மா கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். நான் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்றால் மாடியில் ஒரு ஹால், ஐந்தாறு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் கீச்சிடும் ஒரு யூபிஎஸ். "உப்பு வார்றவ பொண்ணு ஏசி ரூம்ல ஒக்காந்து வேலை செய்யுது" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெருமையா வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில்தான் பேசினார்கள். அந்த ஏசி பாதி நாள் ஓடாது என்பதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அலை வந்துபோன பிறகு கரையோரக் கிணறுகளில் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. ஒரு தொண்டு நிறுவனம் குயிலாப்பாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்து ஆபீஸ் போட்டு, லாரிகளில் நல்ல தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை இன்டர்நெட்டில் பதிய வேண்டும். அதற்காகவே ஊர் ஊராகப் போய் பிரவுசிங் சென்டர்களில் சொல்லி வைத்திருந்தார்கள். யார் வந்து கேட்டாலும் அவர்கள் இலவசமாகப் பதிந்து கொடுப்பார்கள். அந்த வெப் அப்ளிகேஷனைச் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. கோரிக்கைப் பக்கத்தை எழுதியது நான். எந்த இடம், எத்தனை டிரம், லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மூன்றே கட்டங்கள். மணி என்ற கட்டத்தில் கடிகார மணியைத் தவிர வேறு எதையாவது போட்டால், "எனக்குப் புரியவில்லை" என்று என் கோடு, அதாவது நான் எழுதிய புரோகிராம், ஒரு எக்செப்ஷனை எறியும். அப்படித்தான் எறிய வேண்டும். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவேன்.

எக்செப்ஷன் என்றால் என்ன என்று கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் கேட்டால் நான் உப்பளத்தைத்தான் சொல்வேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரப்பு உடைந்து பாத்தியில் தண்ணீர் புகுந்தால், அதைப் பார்த்தவள் கூவ வேண்டும். அவளிடம் மண்வெட்டி இருக்காது. பக்கத்துப் பாத்திக்காரியிடமும் இருக்காது. அவள் தன் பங்குக்குக் கூவுவாள். பாத்தி பாத்தியாகக் கூவல் போகும், மண்வெட்டி வைத்திருக்கிறவன் காதில் விழுகிற வரைக்கும். கேட்டவள் தன்னால் முடியாது என்றால் அடுத்தவளுக்குக் கடத்த வேண்டும். கேட்டும் கேட்காதது மாதிரி குனிந்து வேலை பார்த்தால் அன்றைக்கு அவளை ஊரே திட்டித் தீர்த்துவிடும். நாங்கள் புரோகிராம் எழுதுகிற ஜாவாவிலும் இதே கதைதான். ஒரு வேலை நடுவில் கெட்டால் அந்த இடத்திலிருந்து எக்செப்ஷன் கிளம்பும். கூப்பிட்டவனுக்குப் போகும், அவனைக் கூப்பிட்டவனுக்குப் போகும், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற ஃபிரேம்வொர்க்கிடம் போய்ச் சேரும். இன்ன எக்செப்ஷன் வந்தால் இன்ன பக்கத்தைக் காட்டு என்று அங்கே ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்திருப்போம். மண்வெட்டி இருப்பது அங்கேதான்.

எங்கள் டீம் லீடர் அந்த ஃபைலில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? எந்த எக்செப்ஷன் வந்தாலும் நன்றிப் பக்கத்தைக் காட்டு என்று எழுதியிருந்தார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வானூர் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த மனிதர் அவர். கெட்டவர் கிடையாது. ஆனால் இதற்கு முந்தைய கஸ்டமர் ஒருவருக்கு டெமோ காட்டும்போது, திரை முழுக்க ஜாவா எரர் வரி வரியாகக் கொட்டிவிட்டது. அந்தக் கஸ்டமர் சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து எங்கள் லீடருக்கு எரர் என்றால் நடுச்சபையில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. "யூசர் கண்ணுல எரரே படக்கூடாது" என்று ஒரு சட்டம் போட்டார். வந்த எரரையெல்லாம் குறித்து வைக்கிற லாக் ஃபைல் டிஸ்கை அடைக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார். ஆக, கூவல் வரும், கேட்கிற ஆள் "நன்றி" என்பார், யாருக்கும் எதுவும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நான் கேட்டேன். "சார், சேவ் ஆகலன்னாலும் சேவ் ஆயிடுச்சுன்னுதானே காட்டுது?"

"சேவ் ஆகாம எப்பிடிம்மா போகும்? நாம டெஸ்ட் பண்ணியாச்சு இல்ல?"

"தப்பா டைப் பண்ணா?"

"ஏன் தப்பா டைப் பண்ணப் போறாங்க? நீ உன் ஸ்கிரீனப் பாரும்மா."

என் ஸ்கிரீனைப் பார்க்கச் சொன்னதில் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாதவள் பேச்சு யார் காதில் ஏறும்?

கத்திரி வெயில் தொடங்கியது. ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து பாத வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் வேலைக்கு எடுத்துப்போன தூக்குவாளி காலியாகக் கிடந்தது.

"தண்ணி லாரி வரலயாம்மா?" என்றேன்.

"எங்க வர்றான்? வெயில் ஏறி மூணு வாரமா தண்ணி வேண்டியிருக்கு, ஒரு நாள்கூட வரல. வூட்லேர்ந்து ஆளுக்கு ஒரு தூக்கு எடுத்தும் போறோம், ரெண்டு வாயில தீந்துடுது. இன்னிக்கு ஒருத்தி மயக்கம் போட்டு உப்புக் குமி மேலயே வுழுந்துட்டா."

"கேக்கலாம் இல்ல?"

அம்மா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தாள். "கேக்காமயா இருக்கறோம்? ஒருநாள் வுட்டு ஒருநாள் போய் கம்ப்யூட்டர்ல போட சொல்றோம். பதிவாயிடுச்சு, நன்றின்னு வருதாம். ரோட்ல லாரிக்காரன நிறுத்திக் கேட்டா, என் லிஸ்ட்ல உப்பளமே இல்லன்றான். பிரவுசிங் கடைக்காரன்தான் பொய் சொல்றான்னு அவன புடிச்சி கிழி கிழின்னு கிழிச்சிட்டோம். அவன் புள்ள மேல சத்தியம் பண்றான். இல்லன்னு சொன்னாக்கூட போய் சண்ட போடலாம். சரி சரின்னு சொல்லி அனுப்பிச்சா யாரோடடி சண்ட போடறது?"

அந்த நன்றியை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததுமே, "நீயும் திட்ட வந்துட்டியாம்மா?" என்றார். பாவம், பெண்கள் அவரை அப்படிப் பதம் பார்த்திருந்தார்கள். உப்பளத்துக் கோரிக்கையை எப்படிப் போடுவீர்கள், அப்படியே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்றேன். போட்டார். இடம், உப்பளம். டிரம், நான்கு. மணிக் கட்டத்துக்கு வந்ததும் ஒரே வார்த்தையை ஆங்கில எழுத்தில் அடித்தார். கருக்கல்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உப்பளத்தில் யார் மணி பார்க்கிறார்கள்? வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளுப்பு கண்ணைப் பொசுக்கும். அதனால் கருக்கலிலேயே, விடியற்காலை இருட்டு விலகுவதற்கு முன்பே இறங்கி, பொழுது உச்சிக்கு ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். தண்ணீர் அவர்கள் இறங்குகிற நேரத்துக்கு வந்தாக வேண்டும். பத்து மணிக்கு வரும் லாரியை வைத்துக்கொண்டு முகம்கூடக் கழுவ முடியாது, தண்ணீர் டிரம்மிலேயே கொதித்துவிடும். "கருக்கல்ல வரணும்" என்று பெண்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை மாற்றாமல் எழுதுவதுதான் நேர்மை என்று அண்ணன் கருக்கல் என்றே எழுதினார். மற்ற ஊர்க்காரர்கள் எட்டு மணி, ஒன்பது மணி என்றார்கள். அவர்களுக்கு லாரி ஒழுங்காகப் போனது. என் கோடு கருக்கலைப் பார்த்துப் புரியவில்லை என்று கூவியது. மேலே இருந்த ஃபிரேம்வொர்க் அதைக் கேட்டது. திரையில் தாமரை பூத்தது: நன்றி, உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது.

"பாத்தியா? பதிவாயிடுச்சு" என்றார் அண்ணன், நியாயம் கிடைத்த முகத்தோடு.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும், பதிவான கோரிக்கைகள் சேரும் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். உப்பளம் என்ற பெயரில் ஒரு வரிகூட இல்லை. நேராக லீடர் மேஜைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டைம் போடற எடத்துல டைம்தான போடணும்? அது அவங்க தப்பு" என்றார்.

"தப்புன்னு அவங்ககிட்ட யாரு சார் சொன்னது? நாம நன்றின்னு இல்ல சொல்லிக்கிட்டு இருக்கோம்?"

"சரிம்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்ப எதையும் தொடாத. வெள்ளிக்கிழம குயிலாப்பாளையத்துல ரிவியூ மீட்டிங்." அவர் தன் திரையைத் திருப்பி ஒரு மெயிலைக் காட்டினார். தொண்டு நிறுவனத்து ஆபீசை நடத்துகிற மேடம் அனுப்பியது. உப்பளத்திலிருந்து இதுவரை ஒரு கோரிக்கையும் வரவில்லை, அங்கே தேவை இல்லை என்று தெரிகிறது, அடுத்த வாரத்திலிருந்து உப்பளத்துக்கென்று ஒதுக்கி வைத்த பாதையை நிறுத்திவிட்டு அந்த லாரியை வேறு ஊருக்கு மாற்றப் போகிறோம் என்று எழுதியிருந்தார்.

தேவை இல்லை. அந்த இரண்டு வார்த்தையைப் படித்தபோது அம்மாவின் உரிந்த உதடுதான் என் கண்முன் நின்றது. மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கேட்டவர்களைக் கேட்கவே இல்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சாட்சி சொல்கிறது. பாதையை ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடி யார் கொண்டுவருவார்கள்? மீட்டிங்கில் நான் பேசுவேன் என்றேன். நீ லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் லீடர்.

லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். மேடம் சென்னைக்காரர், காட்டன் புடவையும் அமைதியான பேச்சுமாக இருந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே மோர் ஊற்றிக் கொடுத்தார். லீடர் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, இத்தனை மாதத்தில் ஒரு எரர்கூட வந்ததில்லை என்று சொல்லி முடித்தார். மேடம் தலையசைத்து, "அப்போ உப்பளம் ரூட்டை குளோஸ் பண்ணிடலாம்" என்றார்.

"மேடம், அதுக்கு முன்னாடி நான் ஒரு ரிக்வெஸ்ட் போட்டுக் காட்டட்டுங்களா?" என்றேன். லீடர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு டைப் பண்ணினேன். உப்பளம், நான்கு டிரம், கருக்கல். தாமரை வந்தது.

"பதிவாயிடுச்சுங்களா மேடம்?"

"ஆமா, வந்திருச்சே."

"இப்ப லிஸ்ட்டத் தொறந்து பாருங்க."

திறந்தார். இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். தாமரை வந்தது, லிஸ்ட் காலியாகவே இருந்தது. பிறகு அவரே என்னை நகர்த்திவிட்டு, அவர் கையாலேயே போட்டுப் பார்த்தார்.

"அப்போ இவ்ளோ நாளா..." என்று இழுத்தார்.

"கேட்டுக்கிட்டேதாங்க இருக்காங்க மேடம். நாமதான் நன்றி சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பிச்சிருக்கோம்."

யாரும் மோரைத் தொடவில்லை. உப்பளத்துப் பாதை நிற்காது, நாளையே லாரி போகும், கருக்கலிலேயே போகும் என்று மேடம் சொன்னார். இதை உடனே சரி செய்யுங்கள் என்றும் சொன்னார். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. பல் தெரியச் சிரித்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் லீடர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார். "என் மூஞ்சியில கரியப் பூசிட்ட. நாளைக்குக் காலையில டீமுக்கு ஒரு சாரி மெயில் போடு."

"எதுக்கு சார் சாரி? எரர் இருந்ததுக்கா, அதக் காட்டுனதுக்கா?"

"வாய் ரொம்ப நீளுது. வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா சாரி போட மாட்டேன். வேணும்னா தூக்கிடுங்க, புரோகிராம மாத்திக் குடுத்துட்டே போறேன்."

அவர் தூக்கவில்லை. அந்தப் புரோகிராமை மாற்ற வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். நான் சாரி மெயில் போடவும் இல்லை. இன்று வரைக்கும் போடவில்லை.

கான்ஃபிக் ஃபைலிலிருந்து அந்த ஒற்றை வரியை அழித்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் ரசித்துச் செய்த வேலை. பிறகு எக்செப்ஷன்களைப் பிரித்தேன். போட்டவர் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்றால், போட்டதெல்லாம் அப்படியே இருக்க அதே பக்கம் திரும்ப வரும். எந்தக் கட்டத்தில் என்ன வேண்டும் என்று தமிழில் சொல்லும். மணிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கருக்கல் என்றே ஒரு பட்டன் வைத்தேன். டேட்டாபேஸ் படுத்துவிட்டது, போட்டவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றால், அதற்குத் தனியாக ஒரு பக்கம். லாக் ஃபைலைத் திறந்துவிட்டேன். டிஸ்க் அடைத்தால் வேறு டிஸ்க் வாங்கட்டும்.

அந்தத் தனிப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் மறுபடி சண்டை வந்தது. நான் எழுதியது இது: "உங்கள் கோரிக்கை பதிவாகவில்லை. தவறு எங்களுடையது. இந்த ஆபீசை உடனே கேளுங்கள்." கீழே குயிலாப்பாளையம் முகவரியும் போன் நம்பரும். சிவப்பில், பெரிய எழுத்தில்.

"தவறு எங்களுடையதுன்னு யாராவது போடுவாங்களா? 'தற்காலிகத் தடங்கல்'னு போடு. அட்ரஸ எடுத்துடு" என்றார் லீடர்.

"தடங்கல்னா காத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க சார். காத்துக்கிட்டு இருந்தது போதும்."

நான் எடுக்கவில்லை. அவரும் ஏனோ எடுக்கவில்லை. என்னோடு மல்லுக்கட்டி அலுத்திருப்பார்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கருக்கலில் லாரி போனது. ஒரு நாள் காலை, கரண்ட் போய் வந்ததில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. நாங்கள் அதை எழுப்பப் போராடிக்கொண்டிருந்தபோது லீடர் மேஜையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார், முகம் சுருங்கியது, என் பக்கம் நீட்டினார். "மேடம். உன்னத்தான் கேக்கறாங்க. நீயே பேசு."

"என்னம்மா, உங்க பேஜ்ல பதிவாகலைன்னு வருதாமே? எங்க அட்ரஸ் வேற போட்டிருக்காம். இங்க உப்பளத்துலேர்ந்து பொம்பளைங்க எல்லாம் பஸ் புடிச்சு வந்து, ஆபீஸ் வாசல்ல காலிக் குடத்தோட உக்காந்திருக்காங்க. எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க" என்றார் மேடம்.

"பதிவாகலைங்கறது உண்மைதாங்க மேடம். இங்க டேட்டாபேஸ் போயிருக்கு. அவங்க கேக்கறது நியாயந்தாங்க. லாரியை அனுப்பிடுங்க."

மேடம் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் போனைப் பிளந்துகொண்டு வந்தது. "போன்ல இன்னாம்மா பேச்சு? உன் கம்ப்யூட்டரே தப்பு எங்களுதுன்னு சொல்லிடுச்சு! லாரி எப்ப கெளம்பும், அத்த சொல்லு! நாங்க அதுலயே ஏறி ஊருக்குப் போயிக்கறோம்!"

மேடம் யாரிடமோ லாரிச் சாவியை எடுக்கச் சொல்வது கேட்டது. நான் போனை வைத்தேன். அந்தச் சத்தம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லீடர் காதிலும் விழுந்திருந்தது.

"யாரும்மா அது, இந்தக் கத்து கத்தறது?" என்றார்.

"எங்க அம்மா சார்" என்றேன். "வரப்பு ஒடஞ்சிருக்கு. கூவுறாங்க."